சின்ன வெங்காயத்தைத் தாக்குவது மர்ம நோய் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் 'மர்ம நோய்' தாக்கிச் சின்ன வெங்காயம் அழிகிறது, விவசாயிகள் செய்வதறியாது தவிக்கிறார்கள் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. எங்கள் கஷ்டத்தை எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் செய்தியோடு வெளியான படத்தைப் பார்த்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் படத்தில் வெங்காயத் தாள்கள் நேராக நிற்காமல் சுருண்டு, திருகி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. குமிழுக்கு மேலே கழுத்து வழக்கத்தைவிட நீண்டிருக்கிறது. ஆலத்தூர் வட்டத்தில் வெங்காயம் வைக்கும் யாரிடம் காட்டினாலும் 'கோழிக்கால் நோய்' என்று சொல்லிவிடுவார்கள். தோட்டக்கலைத் துறையினர் அதைத் திருகல் நோய் என்கிறார்கள். கொலிட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சாணத்தால் வருவது. எந்த வழியாக வயலுக்குள் வருகிறது, எந்த வானிலையில் பெருகுகிறது, நடவுக்கு முன்பே என்ன செய்தால் பெருமளவு தடுக்கலாம் என்பதெல்லாம் தெரிந்த நோய்தான்.

நான் கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம் வைப்பவள். வெங்காயம் எடுத்த நிலத்தில் மக்காச்சோளம் போடுவேன். ஒரு மூலையில் கத்தரியும் வெண்டையும், வாய்க்காலை ஒட்டி இரண்டு பாத்தி கொத்தமல்லியும் எப்போதும் இருக்கும். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நோயைப் பார்த்து அடையாளம் காணும் பழக்கம் எங்கள் ஊரில் நடந்த விவசாயிகள் வயல்வெளிப் பள்ளியில் வந்தது. அங்கே கற்றதையும் வயலில் பார்த்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

பத்திரிகையில் 'மர்ம நோய்' என்று வந்தால் மறுநாள் காலையில் எங்கள் ஊர்ப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். பயந்துபோன விவசாயி ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் செடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பூஞ்சாணக்கொல்லி, ஒரு பூச்சிக்கொல்லி, ஒரு வளர்ச்சி டானிக் என்று மூன்றை எடுத்து வைத்து, மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்கிறார். எது வேலை செய்தாலும் சரி என்ற கணக்கு அது. வாரம் போய் நோய் அடங்கவில்லை என்றால் அடுத்த மூன்று பாட்டில்கள். காய்ச்சல் என்று போகிறவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல், மலேரியாவுக்கும் டைபாய்டுக்கும் சேர்த்து மாத்திரை கொடுப்பதைப் போன்ற வைத்தியம் இது. எழுபது நாள் பயிரில் இரண்டு வாரம் இப்படிப் போனால் மிச்சம் ஒன்றும் இல்லை. நான் கடைக்காரர்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை. பரிசோதிக்கும் வேலையும் அவர்களுடையது அல்ல. அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் பக்கத்தில் இல்லாததால் அது கடைக்காரர் தலையில் விழுந்திருக்கிறது.

வெங்காயத்தில் தாள் கெட்டுப்போனால் எல்லாம் ஒரே நோய் ஆகிவிடாது. கோழிக்கால் நோயில் தாள் திருகும், கழுத்து நீளும், குமிழ் பருக்காது. ஊதாப் புள்ளி நோய் வேறு. அதைக் கொண்டுவருவது ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணம். முதலில் தாளில் நீர் கோத்தாற்போல் வெண்மையான சிறு புள்ளி. பிறகு அது நீண்டு, நடுவில் ஊதா நிறமும் ஓரத்தில் மஞ்சள் வளையமும் ஏறி, அந்த இடத்தில் தாள் ஒடிந்து தொங்கும். அடியழுகல் இன்னும் வேறு. ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது. தாள் நுனியிலிருந்து கீழ்நோக்கி மஞ்சளாகும். செடியை இழுத்தால் வேர் பிடிப்பில்லாமல் கையோடு வந்துவிடும். குமிழின் அடித்தட்டில் வெள்ளைப் பூஞ்சாணம் தெரியும். இலைப்பேன் தாக்கினால் தாளில் வெள்ளி நிறத்தில் கீறல்கள் விழும். அது பூச்சி, ஆனால் அது சுரண்டிய காயத்தின் வழியாகத்தான் ஊதாப் புள்ளி எளிதாக உள்ளே போகிறது. ஆகவே ஒரு வயலில் இரண்டும் சேர்ந்திருப்பது வழக்கம். அடியழுகலுக்குத் தாளில் மருந்தடித்துப் பயன் இல்லை. நோய் மண்ணில் இருக்கிறது. இலைப்பேனுக்குப் பூஞ்சாணக்கொல்லி அடித்துப் பயன் இல்லை. இந்த வேறுபாட்டை ஒரு விவசாயிக்குச் சொல்லிக் கொடுத்தாலே அவர் மருந்துச் செலவு கணிசமாகக் குறைந்துவிடும்.

கோழிக்கால் நோய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாமே காசு கொடுத்து வாங்கி வருகிறோம். ஏக்கருக்கு ஏறக்குறைய 600 கிலோ விதை வெங்காயம் தேவைப்படுகிறது. எங்கள் சாகுபடியில் பெரிய செலவே அதுதான். விலை ஏறிய நடவுப் பட்டத்தில் எந்த வயலில் விளைந்தது, அந்த வயலில் நோய் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கிடைத்ததைப் போட்டி போட்டு வாங்குகிறோம். நோய் கண்ட வயலின் குமிழில் பூஞ்சாணம் ஒட்டிக்கொண்டே வருகிறது. களத்தில் எறிந்த பழைய தாள்களிலும் சருகுகளிலும் உயிரோடு இருக்கிறது. மழை பெய்து துளி தெறிக்கும்போது ஒரு செடியிலிருந்து பக்கத்துச் செடிக்குத் தாவுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து தூறலும் மூடிய வானமும் இருந்தால் சில நாட்களில் வட்ட வட்டமாக வயல் முழுவதும் பரவிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கூலி ஆள் கிடைக்காததாலும் தண்ணீர் மிச்சமாவதாலும் மழைத்தூவான் குழாய் போட்டிருப்பவர்கள் எங்கள் பகுதியில் அதிகமாகிவிட்டார்கள். கோடையில் அது நல்லது. இலைப்பேனையும் ஓரளவு கழுவிவிடுகிறது. மழைக்காலப் பட்டத்தில் அதே குழாய் நோயைத் தெளிக்கும் கருவியாகிவிடுகிறது. மாலையில் திறந்துவிட்டால் தாள் இரவு முழுவதும் ஈரமாகவே இருக்கும். பூஞ்சாண வித்து முளைக்க அந்த ஈரம் போதும். காலையில் விட்டு, வெயிலில் தாள் விரைவில் உலரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சொட்டுநீர் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. தண்ணீர் சிக்கனத்துக்காக மட்டுமே அதைப் பற்றிப் பேசுகிறார்கள். தாளை நனைக்காது என்பதற்காகவும் பேச வேண்டும்.

நோய் வந்த பிறகு அடிப்பதைவிட நடவுக்கு முன்பு செய்வதில்தான் எங்களுக்குக் கைமேல் பலன் கிடைத்திருக்கிறது. விதை வெங்காயத்தைக் கொட்டி, மெத்தென்று இருப்பதையும் அடித்தட்டு கறுத்ததையும் கழுத்து நீண்டதையும் உட்கார்ந்து பொறுக்கிக் கழிக்க வேண்டும். வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் நிழலில் அமர்ந்து செய்யும் இந்த வேலைக்கு ஈடான மருந்து எதுவும் கடையில் இல்லை என்பது என் முடிவு. பிறகு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிர் மருந்தைக் கலந்து, நிழலில் உலர்த்தி நடுகிறோம். ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மாவை நன்கு மக்கிய தொழுவுரம் 20 கிலோவில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் சில நாள் மூடி வைத்து, கடைசி உழவில் மண்ணில் இடுகிறோம். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான். கெட்ட பூஞ்சாணத்தைச் சுற்றி வளர்ந்து அதை உண்டு வாழ்வது. உயிருள்ள பொருள் என்பதால் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது, ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு கலக்கவே கூடாது. இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிட்டு 'உயிர் மருந்து வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள் பலரைப் பார்க்கிறேன்.

ஒரே நிலத்தில் வெங்காயத்துக்குப் பின் வெங்காயம் வைக்காமல் மக்காச்சோளமோ சோளமோ போட்டு மாற்றுவதும் நோய் வருமுன் தடுக்கும் வழிதான். அடியழுகல் பூஞ்சாணம் மண்ணில் பல ஆண்டு தங்கும். அதற்கு உணவு கொடுக்காமல் விடுவதுதான் வழி. யூரியாவை அள்ளிக் கொட்டினால் தாள் கொழுகொழுவென்று வளரும், திசு மென்மையாகும், நோய்க்கு அதுவே வசதி. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, பிடுங்கியதை நன்றாக உலர்த்திய பிறகே வெங்காயம் சேமிக்கும் பட்டறையில் ஏற்ற வேண்டும். ஈரத்தோடு பட்டறை போட்டால் கருப்புப் பூஞ்சாணம் தோலுக்குள் படிந்து, விலை வரும்வரை காத்திருந்ததற்குப் பலன் இல்லாமல் போய்விடும்.

மருந்தே வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். தொடர் மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்லும்போது மேன்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கிறேன். வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் முத்தாகத் திரண்டு உருண்டு விழுந்துவிடும். ஒட்டு திரவம் சேர்க்காமல் அடித்தால் மருந்து மண்ணுக்குத்தான் போகும். இந்த வகை மருந்துகள் தாளின் மேற்பரப்பில் நின்று வித்து முளைப்பதைத் தடுப்பவை. உள்ளே போய்விட்ட நோயை அவை வெளியேற்றுவதில்லை. 1880களில் பிரான்ஸ் நாட்டின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையைப் பறிக்காமல் இருப்பதற்காக மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லை என்பதை மில்லார்டே என்ற அறிஞர் கவனித்தார். அப்படிப் பிறந்ததுதான் போர்டோ கலவை. திருடர்களைத் தடுக்க முன்கூட்டியே பூசியதால்தான் நோயும் தடைப்பட்டது. இன்றைக்கும் செம்பு மருந்துகளுக்கும் மேன்கோசெப்புக்கும் அதே விதிதான்: நோய்க்கு முன்னால் போக வேண்டும்.

உள்ளே ஊடுருவும் மருந்துகள் வேறு வகை. கார்பன்டசிம், டெபுகோனசோல், அசாக்ஸிஸ்ட்ரோபின் எல்லாம் அவை. இவற்றில் ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் பழகிக்கொள்ளும். விவசாயிகளுக்கும் இது தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் மருந்தை மாற்றி வாங்குகிறார்கள். ஆனால் மாறுவது டப்பாவின் நிறமும் பெயரும் மட்டும். பக்கத்து வயல்காரர் ஒருவர் முதலில் அடித்த பொட்டலத்தில் கார்பன்டசிம் 12 சதவீதம், மேன்கோசெப் 63 சதவீதம் என்று இருந்தது. 'மாற்றி' வாங்கிய அடுத்த பொட்டலத்தில் கார்பன்டசிம் 50 சதவீதம். வணிகப் பெயர் உள்ளங்கை அகலம். உள்ளிருக்கும் மருந்தின் பெயர் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவு. ஆஸ்திரேலியாவில் பூஞ்சாணக்கொல்லி டப்பாவில் பூஞ்சாணத்தை எப்படித் தாக்குகிறது என்பதை வைத்துப் பிரித்ததில் அது எந்தக் குழுவைச் சேர்ந்தது என்ற எண் பார்த்தவுடன் தெரியும்படி அச்சிடப்பட்டிருக்கும். விவசாயி வேறு எண் உள்ளதை வாங்கினால் போதும். இங்கும் மருந்தின் பெயரைத் தமிழில், வணிகப் பெயருக்குச் சமமான எழுத்தில், குழு எண்ணோடு அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்கினால் என்ன நட்டம்? எழுத்தின் அளவை மாற்ற எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

இதுவரை சொன்னவை பூஞ்சாணங்கள். வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலும் தக்காளியில் வரும் இலைச்சுருட்டையும் வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் அவற்றைத் தொடாது. நோய் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதும், மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுவதும், தேமலைத் தாங்கும் ரகத்தைத் தேர்வதும்தான் வழி. கத்தரியில் இலை சிறுத்துக் கொத்தாகிப் பூக்காமல் நின்றால் அது தத்துப்பூச்சி கொண்டுவரும் சிற்றிலை நோய். அதற்கும் பூஞ்சாணக்கொல்லி வீண். கத்தரியோ தக்காளியோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால், தண்டின் அடிப்பகுதியை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் அசையாமல் பிடித்துப் பார்க்க வேண்டும். வெட்டு வாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் முடியும் இந்தச் சோதனையை ஒவ்வொரு ஊரிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கலாம். வயலில் வாடல் கண்டவர்களிடம் நான் இதைத்தான் முதலில் செய்து காட்டுகிறேன்.

கீரை, வாசனை இலைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றை மக்கள் அப்படியே சாப்பிடுகிறார்கள். கொத்தமல்லித் தழை 35, 40 நாளில் பறிப்பது. பனிக்காலத்தில் சாம்பல் நோய் வந்து இலை வெளுத்ததும் சந்தைக்குப் போகும் முந்தைய வாரத்தில் ஊடுருவும் மருந்தை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து லேபிளில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. கடைசியாகத் தெளித்த நாளிலிருந்து அத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும். இத்தனை குறுகிய காலப் பயிரில் அதற்கு இடமே இல்லை. தூவும் விதையைக் குறைத்து, காற்றோட்டம் விட்டு, பாத்தியில் தண்ணீர் தேங்காமல் வைத்தாலே பாதித் தொல்லை குறையும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தையில் மாதிரி எடுத்து மருந்தின் எச்ச நஞ்சைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. கறிவேப்பிலை அதில் பல முறை சிக்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதல் பரிசோதனைக்கு உட்படுத்தியது. கறிவேப்பிலையில் இலைப்புள்ளி வந்தால் நோய்ப்பட்ட கிளையைக் கவாத்து செய்து அப்புறப்படுத்தலாம். அதற்கும் மூன்று பாட்டில் கலவையே மருந்து என்றால், அது குழம்பு வழியாக நம் பிள்ளைகளின் தட்டில்தான் விழுகிறது. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

அரசிடம் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒவ்வொரு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் ஒரு நுண்ணோக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வாரத்தில் இரண்டு நாளாவது இருக்க வேண்டும். நோய்ப்பட்ட இலையை ஈரக் காகிதத்தோடு ஒரு டப்பாவில் மூடி ஓரிரு நாள் வைத்தால் பூஞ்சாணம் வித்துக்களை உண்டாக்கும். அதைப் பார்த்துப் பெயர் சொல்லலாம். வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர் நோயியல் துறை இருக்கிறது. ஆனால் ஆலத்தூர் பக்கத்துக்காரர் பெரம்பலூரைத் தாண்டிப் போய்த் திரும்ப ஒரு நாள் வேலை கெடும். களையெடுக்க ஆள் வந்திருக்கும் நாளில் அது முடியாது. மருந்துக் கடை பேருந்து நிறுத்தத்திலேயே இருக்கிறது. மாதிரி கொண்டுபோகிறவர்கள் செடியை வேரும் மண்ணுமாக எடுத்துச் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். பாலிதீன் பையில் போட்டால் வேர்த்து, போய்ச் சேருவதற்குள் அழுகி, எது நோய் எது அழுகல் என்று தெரியாமல் போய்விடும்.

தங்களிடம் கேட்பது இதுதான். பயிர் நோய்ச் செய்தி வரும்போது எத்தனை ஏக்கர் பாதிப்பு, எவ்வளவு இழப்பீடு கேட்கிறார்கள் என்பதோடு, என்ன நோய், அதை யார் பரிசோதித்துச் சொன்னார் என்ற இரண்டையும் கேட்டு எழுதுங்கள். பரிசோதிக்க யாரும் வரவில்லை என்றால் அதையே எழுதுங்கள்; அதுவும் செய்திதான். தைப் பட்டத்துக்கான விதை வெங்காய வியாபாரம் மார்கழியிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன்னால், நோய்ப்பட்ட குமிழை எப்படி அடையாளம் காண்பது என்று தெளிவான படங்களோடு அரைப் பக்கம் வெளியிட்டால், டீக்கடையில் பத்திரிகை படிக்கிறவர்கள் வழியாகவே அது ஊர் முழுவதும் போய்ச் சேரும். நல்ல குமிழும் நோய்க் குமிழும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கத் தங்கள் புகைப்படக்காரர் வந்தால், பொறுக்கிக் கழித்த வெங்காயத்தை எறியாமல் எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
சின்ன வெங்காய விவசாயி,
ஆலத்தூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.